அறுபத்திரண்டால் வகுப்பது

கிண்டி எஸ்டேட், மூன்றாம் மாடி.
போகிறவர்களுக்குக் கணக்கு முடித்துக் கொடுப்பது
நான்கு வருடம் ஏழு மாதமாய் என் வேலை.
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
எடுக்காத விடுப்புக்கு இவ்வளவு வரவு,
தொலைத்த அடையாள அட்டைக்கு இவ்வளவு கழிவு,
கடைசி வரியில் ஒரு கையெழுத்து.

நூற்றுப் பதின்மூன்றாம் கோப்பில் இன்று
செ. பூங்கோதை என்றிருக்கிறது.
என் கழிவுகளை நானே தட்டக் கூடாதாம்.
புதிதாய்ச் சேர்ந்த ஃபாஸிலா தட்டுகிறாள்,
பக்கத்தில் நின்று பிழை பார்க்கிறேன்.

நோட்டீஸ் தொண்ணூறு நாள்.
விசா சொன்ன தேதிக்குள் அது அடங்கவில்லை.
மிச்சம் நாற்பத்தோரு நாளைக்
கம்பெனியிடமிருந்து விலைக்கு வாங்கினேன்.
இதுவரை நான் வாங்கியதிலேயே அதிக விலை அதற்குத்தான்.
அதில் ஒரு நாள்கூடக் கையில் இல்லை.

கிராஜுவிட்டி வரியில் ஃபாஸிலா நின்றாள்.
"அஞ்சு மாசம்தானே மேடம் குறையுது?"
போன ஆடியில் ஸ்டோர்ஸ் பெஞ்சமின்
இதே மேசைக்கு எதிரில், ஹெல்மெட்டைக் கழற்றாமல்,
ஆறு மாசம்தானே மேடம் என்றார்.
ரூல்னா ரூல்தான் சார் என்றேன், நிமிராமல்.
இப்போதும் அதையே சொன்னேன்.
'சார்' என்று சேர்த்துச் சொல்லிவிட்டேன் போல,
ஃபாஸிலா திரும்பிப் பார்த்தாள்.

ஒன்பதரை லட்சம், ஆறு மாதம்,
அசையாமல் கணக்கில் இருக்க வேண்டும் என்றது அந்த நாடு.
என்னிடம் ஆறு இருந்தது.
கல்யாணத்துக்கென்று அம்மா சேர்த்ததில்
ஐந்து சவரன் தி.நகருக்குப் போனது.
வாங்கும்போது அழுத சேதாரமும் செய்கூலியும்
விற்கும்போது யார் கண்ணிலும் படவில்லை.

அந்தப் பணம் படுத்துக் கிடந்தது.
ஜுரக்காரி நெற்றியைத் தொடுவதுபோல்
காலையும் இரவும் செயலியைத் திறந்து பார்த்தேன்.
ஐப்பசி மழையில் வேளச்சேரியில் ஸ்கூட்டர் மூழ்கியது.
மெக்கானிக் பதினோராயிரம் கேட்டார்.
கணக்கு குறையக் கூடாதே,
சேறு காயுமுன் ஏழாயிரத்துக்குத் தள்ளிவிட்டேன்.
அதற்கப்புறம் பறக்கும் ரயில்,
அதற்கப்புறம் நடை.

வீட்டுக்காரர் அட்வான்ஸில்
ஒரு மாத வாடகையைப் பெயின்ட்டுக்குப் பிடித்துக்கொண்டார்.
சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கலையே சார்.
"அது உங்க நல்ல குணம்மா" என்றார்.
மீதியை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.

அம்மா தாம்பரத்தில், அக்கா வீட்டில்.
மாத்திரை, கேபிள், கீரைக்காரி,
அக்காவுக்குத் தெரியாமல் பேரனுக்குக் கொடுப்பது,
எல்லாம் சேர்த்து மாதம் பதினான்காயிரம்.
மூன்று கவர்களில் போட்டு மாதப் பெயர் எழுதினேன்.
நான்காவதற்கும் பெயர் எழுதி
வெறுமனே ஒட்டி அடியில் வைத்தேன்.
அம்மா எடைபோட்டுப் பார்த்திருப்பாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் கழித்து மிஞ்சியது எண்பத்தொன்பதாயிரம்.
இப்போதெல்லாம் எதைக் கண்டாலும்
கை தானாக அறுபத்திரண்டால் வகுக்கிறது.
வகுத்தேன்.
வின்னிபெக்கில் ஒரு மாத வாடகை, ஒரு கோட்டு.
பனிக்குப் போடும் பூட்ஸ் இதில் வராது.

ஃபாஸிலா தாளைத் திருப்பி வைத்துப் பேனா நீட்டினாள்.
நூற்றுப் பன்னிரண்டு பேரும்
கையெழுத்துக்கு முன் ஒரு கணம் நின்றார்கள்.
படிக்கிறார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வெளியே ரயில்வே பாலத்தடியில் இளநீர், அறுபது.
ஒரு டாலருக்குக் கொஞ்சம் கீழே.
"வழுக்கையா, தண்ணியா?" என்றார்.
எது கம்மி?
அரிவாளை நிறுத்தி என்னைப் பார்த்தார்.
கழுத்தில் இன்னும் தொங்கிய கம்பெனி அட்டையையும் பார்த்தார்.
"ரெண்டும் ஒண்ணுதாம்மா."
அட்டையைத் திருப்பித் தரவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.
அதற்குக் கழிவு முந்நூறு.
படியேறிப் போனேன்.