அசையாத மேசை

மைத்துனி ரன்வா மாட்டியிருந்தவை இருபத்து மூன்று.
அவற்றில் இருபத்திரண்டு கடல்.
வேறென்ன இருக்கிறது ஃபரோ தீவுகளில் என்பாள்.
ஆடு இருக்கிறது, மழை இருக்கிறது என்பேன்.
சிரிக்கமாட்டாள்.

மீன் ஏலம் போட்ட பழைய கூடம் அது.
மூன்று முறை வெள்ளையடித்தும் வாடை போகவில்லை.
காபிக்கொட்டை வறுக்கச் சொன்னார் மேயர்.
இப்போது இரண்டு வாடை.

கோபன்ஹேகனிலிருந்து ஒரு தாள் வந்திருந்தது.
இளவரசியிடம் முதலில் கை நீட்டாதீர்கள்.
அவர் பேசாமல் பேசாதீர்கள்.
எதையும் நேராகக் கையில் கொடுக்காதீர்கள்.
மர்யுன் அதைக் குளிர்பெட்டியில் ஒட்டி
ஒரு வாரம் எனக்குப் பரீட்சை வைத்தாள்.

பதினொரு மணி ஹெலிகாப்டரை
மூடுபனி இறங்கவிடவில்லை.
படகில் வருகிறார்களாம்.
தெற்கிலிருந்து காற்று.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டே காலுக்கு வந்தார், சாம்பல் நிறக் கோட்டில்.
பள்ளிப் பிள்ளைகளின் கொடிகள்
நனைந்து குச்சியோடு ஒட்டிக் கிடந்தன.

முதல் ஓவியம்: அலை.
இரண்டாவது: அலை, இன்னும் பெரிது.
மூன்றாவதில் அடிவானமே சாய்ந்திருந்தது.
ரன்வா ஒவ்வொன்றையும் விளக்கிக்கொண்டே போனாள்.

அவரது மேலுதட்டைப் பார்த்தேன்.
முப்பது வருடம் படகில் பிழைத்தவனுக்கு
அந்த வியர்வை தெரியும்.
முதல்நாள் வேலைக்கு வரும் பையன்களில்
கொஞ்சம் ரோஷமானவன் இப்படித்தான்
புன்னகைத்து, விழுங்கி, புன்னகைத்து.

சட்டைப்பையில் காய்ந்த ரொட்டி எப்போதும் இருக்கும் எனக்கு.
தாளின் மூன்று விதிகளையும் ஒரே மூச்சில் உடைத்தேன்.
"மெதுவாக மெல்லுங்கள்.
அசையாத எதையாவது பாருங்கள்."
காவலர் அரையடி முன்னால் வந்தார்.
மர்யுன் என் முதுகில் கிள்ளினாள்.
இளவரசி வாங்கிக்கொண்டார்.

கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில்
ஏற்கெனவே ஓர் ஆணி இருந்ததால் மாட்டப்பட்டது
இருபத்து மூன்றாவது:
எங்கள் வீட்டுச் சமையலறை மேசை.
பாதி நறுக்கிய ருபார்ப் தண்டு, கத்தி,
நான் ஒரு மாதம் தேடிய மூக்குக்கண்ணாடி.
இதை யார் வாங்குவார், வேண்டாம் விடு என்று
நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

நேரே அதன் முன்னால் போய் நின்றார்.
நிகழ்ச்சி நிரலில் மொத்தக் கண்காட்சிக்கும் பன்னிரண்டு நிமிடம்.
மேசைக்கு மட்டும் ஒன்பது.
கூடம் அடங்கிப் போயிற்று.
ரொட்டி கடிபடும் சத்தம் எனக்குக் கேட்டது.
கன்னத்துக்கு மெல்ல மெல்ல நிறம் திரும்பிற்று.
ரன்வா அழுதுகொண்டிருந்தாள்.

போகும்போது என் பக்கம் குனிந்து கேட்டார்:
"திரும்பிப் போவதும் படகில்தானா?"
சன்னலைப் பார்த்தேன். மலை இன்னும் காணோம்.
மிச்ச ரொட்டியையும் கொடுத்தேன்.

எளிய வாழ்வின் முன் மெய்மறந்த இளவரசி,
என்று எழுதியது மறுநாள் பத்திரிகை.
மேசையை ஒரு பல் மருத்துவர் வாங்கினார்,
சொன்ன விலைக்கு மேலே.
கடல்களில் நான்கு போயின.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த ரன்வா
கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்,
"நீ பக்கத்திலேயே நின்றாயே.
உண்மையைச் சொல், அதில் என்னதான் கண்டார்?"
மர்யுனின் கால் என் காலைத் தேடியது.

மேசையை, என்றேன்.