இம்மி

ட்ரோன்ஹெய்ம். ஆற்றோரப் பழைய கிடங்கின் இரண்டாம் மாடி.
செவ்வாய்க்கிழமை ஆறு முதல் எட்டு வரை
லேசர் இங்வில்டுக்கு.
பதிவுத் தாளில் அவள் பெயரைச் சுற்றி
யாரோ காபிக் கோப்பை வைத்த வட்டம்.

முப்பத்திரண்டு பிர்ச் வில்லைகள் கொண்டுவந்தாள்,
மேலங்கிப் பொத்தானைவிடச் சற்றே பெரியவை.
படகுக் கழகத்துச் சாவிகளுக்கு.
ஒரு பக்கம் எண், மறுபக்கம் படகின் பெயர்.

சின்னதை இந்த இயந்திரம் மதிப்பதில்லை.
கதவளவு பலகை என்றால் சொன்னபடி கேட்கும்.
வில்லையோ
அது ஊதும் காற்றுக்கே இடம் மாறும்,
தேன்கூட்டுத் தட்டின் கண்ணில் விழுந்தால்
விழுந்ததுதான்.

அதனால் முதலில் வெட்டுவது வில்லையை அல்ல,
வில்லை இருக்கப்போகும் இடத்தை.
கழிவுப் பெட்டியிலிருந்து ஓர் ஒட்டுப்பலகை,
அதன் மூலையில் யாரோ கைவிட்ட மான், பாதிக் கொம்போடு.
நான்கு வரிசை, எட்டெட்டுத் துளை.
வரைந்த அளவுக்கு மேல் ஒளி கொஞ்சம் தின்னும்;
அதன் பசிக்கும் சேர்த்து
வட்டத்தைச் சிறுக்க வேண்டும்.

இம்மி என்றால் எவ்வளவு?
என்னைக் கேட்டால்
பூஜ்யம் புள்ளி ஒன்று எட்டு மில்லிமீட்டர்,
லென்ஸ் துடைத்த நாளில்.
துடைக்காத நாளில் இம்மிக்கும் தொப்பை விழும்.

துடைப்பது என் வேலை.
சம்பளம்: ஒரு சாவி, பூட்டாத ஓர் அலமாரி,
எல்லோருடைய எரிச்சலும்.

சோதனைக்கு இட்ட முதல் வில்லை
கரிந்து, வறுத்த ரொட்டி வாசனை அடித்தது.
மிச்சம் முப்பத்தொன்று.
"பத்தொன்பதை விட்டுவிடலாம்," என்றாள்.
"ஆர்ன்ஃபின் படகு. இலையுதிர் காலத்திலேயே
லொஃபோட்டனுக்கு விற்றுவிட்டார்."
துளையைக் காலியாக விட்டோம்.
கோப்பில் அழிக்க மறந்தோம்.

எண்கள் முடிந்து, ஒவ்வொன்றாகத் திருப்பினோம்.
வட்டத்துக்குத் தலை எது?
வளையம் கோக்கும் ஓட்டைதான் தலை.
முப்பத்தொரு தலையையும் ஜன்னல் பக்கம் நிறுத்தி
மூடியைச் சாத்தினேன்.

பதினெட்டு. அடுத்து
வெறும் துளையின் மேல் போய் நின்றது அது.
காலி என்பதை அது அறியாது.
அவ்வளவு நேரமும் எழுதிய அதே நிதானத்தில் எழுதியது,
நான்கு மில்லிமீட்டர் கீழே கிடந்த சாம்பல் அட்டையில்,
குவியம் தப்பி, எழுத்தெல்லாம் ஊதி,
ஹாவ்சூலா.

இங்வில்ட் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
மூடியின் கண்ணாடியில் மூக்கு பட நின்று
இருபது தொடங்கும்வரை பார்த்தாள்.
வில்லைகளை பிஸ்கட் டப்பாவில் கொட்டிக்கொண்டு,
மறந்த கையுறைக்காக ஒருமுறை திரும்பி வந்து,
போனாள்.

எட்டு மணிக்கு யொஹான்னெஸ்.
மகளின் வகுப்புக்குப் பன்னிரண்டு பென்சில்,
பன்னிரண்டு குழந்தைப் பெயர்.
உருளாமல் இருக்க ரப்பர் வளையம் போட்டிருந்தார்; நல்ல யோசனை.
அட்டையைப் பார்த்து, "யார் இது?" என்றார்.
"படகு," என்றேன்.
"மூழ்கிவிட்டதா?"
"இல்லை. வடக்கே நன்றாக இருக்கிறது."

தலையாட்டிவிட்டு
பென்சில்களை இரண்டு விரல் தள்ளி வைத்தார்.
தொடக்கப் புள்ளியையும் மறுபடி அளந்து, தள்ளினார்.
ஐந்து நிமிடம் வீண். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அட்டையை மாற்ற வேண்டிய தேதி
போன வாரமே தாண்டிவிட்டது.