முதன்மை உறுப்பினர்

நவம்பர் முப்பதுக்குள் கையெழுத்து வேண்டும்.
நகராட்சியின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத என் அறைக்கு
பாதி ஸ்டாங்கர் வந்து போகிறது.
குழாய் திருத்துபவர், மீட்டர் படிப்பவர்,
கடற்கரைக் காவலர், நூலகத்துப் பெண்.
தோளில் கரும்புச் சாம்பல்,
கையில் போன வருடத்து அட்டை.

"எவ்வளவு ஏறியிருக்கு?"
பதினொன்று புள்ளி ஆறு என்கிறேன்.
"சம்பளம்?"
ஐந்து என்கிறேன்.
அதற்கு மேல் கணக்கு யாருக்கும் தேவைப்படுவதில்லை.

மேசையில் மூன்று வண்ணத் தாள்கள்.
நீலம்: எந்த மருத்துவமனையும், எந்த மருத்துவரும்.
பச்சை: பட்டியலில் உள்ள மருத்துவமனை.
மஞ்சள்: பட்டியலில் உள்ளது, அதுவும் விழுந்தால்தான்.
'விழுந்தால்' என்று தாளில் இல்லை,
'அவசரநிலையில்' என்று அச்சடித்திருக்கிறார்கள்.
மூன்று நாளாகச் சொல்லிச் சொல்லி
நானே சுருக்கிக்கொண்டேன்.

ராஜலோசன் நீலத்திலிருந்து பச்சைக்கு இறங்கினார்.
மகள் கல்யாணமாகிப் போனதில்
ஒரு பெயர் குறைந்தது. அதைச் சொல்லும்போது சிரித்தார்,
பிறகு சிரித்ததற்காகத் தலையைச் சொறிந்தார்.
நோசிஃபோ தன் அம்மாவின் பெயர்மேல் பேனாவை வைத்தவள்
வெகுநேரம் எடுக்கவேயில்லை.
மை ஊறிப் பொட்டாகிவிட்டது.
"இது அடித்ததாகுமா?"
வேறு தாள் கொடுத்தேன்.

குப்பை லாரி ஓட்டும் பேக்கானி
சாப்பாட்டு நேரத்தில் வந்தார்,
எல்லாவற்றையும் வீட்டிலேயே யோசித்து முடித்த முகத்தோடு.
"நீலமே இருக்கட்டும்.
மனைவி, மூன்று பிள்ளைகள்.
என்னை மட்டும் எடுத்துவிடு."

அப்படிச் செய்யலாமா என்று எனக்கும் தெரியாது.
பதினாறு வருடத்தில் யாரும் கேட்டதில்லை.
கணினியில் அவர் பெயரைத் தொட்டு
'நீக்கு' என்பதை அழுத்தினேன்.
சிவப்பில் ஒரு வரி வந்தது:
முதன்மை உறுப்பினரை நீக்க இயலாது.

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
படித்தார். உதடசைத்து மறுபடி படித்தார்.
"இருபத்திரண்டு வருடத்தில்
இந்த நகராட்சி எனக்கு எழுதிய
ஒரே நல்ல வாக்கியம்."

நான் சிரிக்கலாமா என்று விளங்கவில்லை.
அவர் மஞ்சளை இழுத்துக்கொண்டார்.
பட்டியலில் உள்ளது எழுபது கிலோமீட்டர் தள்ளி, என்றேன்,
டர்பனுக்குள்ளே.
"ரோடு தெரியும்.
விழுகிறவன் நானென்றால்
ஓட்டுகிறவன் யார் என்பதுதான் கேள்வி."
கையெழுத்தில் கடைசி எழுத்தை மட்டும்
தாள் கிழியுமளவு அழுத்திப் போட்டார்.

வியாழக்கிழமை கவுன்சில் கூடியது.
நான் கோப்போடு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன்.
பொருள் எண் பதினாறு, பூங்காவுக்கு வைக்க வேண்டிய பெயர்,
ஒரு மணி பத்து நிமிடம் ஓடியது.
பதினேழு நாங்கள்.
நிதி இயக்குநர் ஒரு படம் காட்டினார்:
ஏறிக்கொண்டே போகும் ஒரு கோடு,
அதன் கீழே மூச்சு வாங்கும் இன்னொரு கோடு.
"மருந்து விலை ஏறுகிறது, படுக்கை விலை ஏறுகிறது,
நமக்கும் வயது ஏறுகிறது."
அந்த 'நமக்கும்' எனக்குப் பிடித்திருந்தது.
முன்வரிசையில் ஒருவர் எழுந்தார்:
நோயே வராதவர்களுக்கு
வருடக் கடைசியில் ஏதாவது திருப்பித் தருவார்களா?
யாரோ, கார் காப்பீட்டில் தருகிறார்கள் என்றார்.
கொஞ்சம் சிரிப்பு. பிறகு கைகள் உயர்ந்தன.
கோப்பின் ஓரத்தில் நேரம் குறித்தேன்.
நான்கு நிமிடம், தேநீர் வண்டி உள்ளே வந்ததையும் சேர்த்து.

முப்பதாம் தேதி மாலை
என் தாள் மட்டும் இழுப்பறையில் பாக்கி.
நீலமா பச்சையா என்று நானே எனக்கு
மூன்றாவது முறையாக விளக்கிக்கொண்டிருந்தேன்,
மற்றவர்களிடம் பேசும் அதே குரலில்.
வராந்தா விளக்கை யாரோ அணைத்துவிட்டுப் போனார்கள்.

சும்மாதான்,
என் பெயரைத் தொட்டேன்.
'நீக்கு' என்பதை அழுத்தினேன்.
அந்தச் சிவப்பு வரி வரட்டும் என்று
கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

மாதக் கடைசி. சர்வர் யோசித்துக்கொண்டே இருந்தது.
வெளியே பின்வாசலில்
ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும் ஓசை,
நிறுத்தி நிறுத்தி.