எரியாத விளக்கு

வொல்வோ. எண்பத்தொன்பதாம் ஆண்டுப் பிறப்பு.
என்னிலும் இரண்டு வயசு மூப்பு.
வித்த மனுசி, இளைப்பாறின பியானோ ரீச்சர்,
சாவியைத் தரேக்கை சொன்னது ஒண்டுதான்:
"இது பொய் சொல்லாது."

மார்கழியில் மூண்டு தரம் செத்தது.
முதல் தரம் பேக்கரி வாசலில், விடியப்புறம் நாலு மணி.
டார்ட்மத்தில் அண்டைக்கு மழையுமில்லை, பனியுமில்லை,
ரெண்டும் கலந்த உப்புக் கூழ்.
புதுப் பற்றரி நூற்றெண்பது டொலர்.
ஐஞ்சு நாள் ஓடிச்சு. ஆறாம் நாள்
சாவியைத் திருப்ப
டிக். டிக் டிக்.
பல்லி சொன்ன மாதிரி.
பலன் பார்க்க எனக்குத் திசை தெரியேல்லை.

பெல்ற்றைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தன். இறுக்கம் சரி.
பற்றரி முனையில் பூத்திருந்த பச்சைப் பூஞ்சணத்தை
அப்பச்சோடாவும் சுடுதண்ணியும் விட்டுக் கழுவினன்.
(பேக்கரிக்காரிக்கு அப்பச்சோடாவா பஞ்சம்?)
ஒல்ரனேற்றரின் முதுகில் ரெண்டு ஸ்குரூ;
கழட்டி, தேஞ்ச கரிக்கட்டைகளை மாத்தினன்.
அடுத்த நாள் பாண் மாவில்
என்ர விரலடையாளம் கறுப்பாய்.

பிறகு மீற்றர். சிவப்பு முனை கூட்டலில், கறுப்பு கழித்தலில்.
என்ஜின் ஓடேக்கை பதினாலுக்கு மேலே நிக்க வேணும்.
பன்னிரண்டு புள்ளி ஒண்டு.
பார்த்துக்கொண்டிருக்க, பன்னிரண்டு.
சம்பளத்துக்கு முதல் கிழமை
வங்கிக் கணக்கு இறங்கிற வேகம்.

ஆனால் சில நாள் ஒரு குறையுமில்லை.
மா பில்லின் பின்பக்கம் எழுதி வைச்சுப் பார்த்தன்:
பாலமேறி ஹலிஃபாக்ஸ் போன நாளெல்லாம் நல்ல நாள்.
தெருவுக்குள்ள ஊர்ந்த நாளெல்லாம் சாவு.
மிதிச்சு ஏத்தினால் விழிக்குது,
மெல்லப் போனால் நித்திரை.
ஏன்?

ஞாயிறு பின்னேரம், கையுறையோடை
சாவியைப் பாதி மட்டும் திருப்பினன்.
என்ஜின் ஓடாமல் விளக்குகள் மட்டும்.
எண்ணெய், எரிஞ்சது. கைப்பிரேக், எரிஞ்சது.
பற்றரிப் படம் போட்ட சின்னப் பெட்டி
இருட்டு.

இவ்வளவு நாளும் அந்த இருட்டைத்தான்
நல்ல சேதி எண்டு நினைச்சிருந்தன்.
சிவப்பு எரியேல்லை, அப்ப பிழையில்லை.
பழைய காருகளில அப்பிடியில்லையாம்:
அந்தக் கடுகு பல்ப்புக்குள்ளாலதான்
முதல் துளி மின்சாரம் போய்
ஒல்ரனேற்றரைத் தட்டி எழுப்ப வேணும்.
பல்ப் செத்தால் எழுப்ப ஆளில்லை.
பாலத்தில நான் மிதிச்ச மிதியில
இரும்புக்குள்ள மிச்சம் கிடந்த காந்தம்
தானாய் முழிச்சிருக்கு, அவ்வளவுதான்.

மீற்றர்ப் பலகையைக் கழட்ட ஒரு மணித்தியாலம்.
பல்ப், ஒரு டொலர் தொண்ணூறு.
திருகிப் போட்டு, சாவியைப் பாதி திருப்ப
சிவப்பு.
முழுக்கத் திருப்ப, என்ஜின் பிடிக்க,
சிவப்பு அணைஞ்சது.
எரிஞ்சு அணையிறது வேறை.
எரியாமலே கிடக்கிறது வேறை.

ஹீற்றரைப் போட்டுவிட்டுக் காருக்குள்ளயே இருந்தன்.
மொன்றியலில என்ர தங்கச்சி சுகிர்தா.
சீட்டுக் காசு நாலாயிரத்துக்காக
கிழமைக்கொருக்கால் போனில் என்னைக் கிழிப்பாள்.
புரட்டாதிக்குப் பிறகு ஒரு சத்தமில்லை.
"ஓம் அக்கா. சரி அக்கா. சுகம் அக்கா."
அப்பாடா, ஆறிட்டாள் எண்டு
நானும் ஆறியிருந்தன்.

எடுத்தன். ஆறு தரம் அடிச்சு எடுத்தாள்.
"சுகமோ?" "சுகம்."
"சீட்டுக் காசு தரமாட்டன்" எண்டன், வேணுமெண்டே.
கொஞ்ச நேரம் ஒண்டுமில்லை.
பிறகு தொடங்கினாள்.
காசில தொடங்கி, நான் வராத கலியாணம்,
ஆஸ்பத்திரியில அவள் தனியக் கிடந்த மூண்டு நாள்.
எனக்கு ஆரும் சொல்லாத மூண்டு நாள்.
இடையில அழுதாள். திரும்ப ஏசினாள்.
நான் ஒண்டும் பறையேல்லை.

போனற் இன்னும் திறந்தபடி.
மீற்றர் கவ்வினபடி, கூழ்மழைக்குள்ள,
பதினாலு புள்ளி ரெண்டு.