பயப்பட வேண்டாமெண்டு சொல்லுங்கோ

முத்தையன்கட்டில் என் முதற் கூட்டம்.
துரிசு பார்க்க வந்தவர் பெயர் கிரஹாம்,
வெயிலில் காது சிவந்த, நல்ல மனிதர்.
வாய்க்காலின் கடைசிவரை வந்து பாருங்கோ,
அங்கைதான் தண்ணி ஏறுதில்லை
என்று சனம் கேட்டது.
அவர் மணிக்கூட்டைப் பார்த்து ஒரு வசனம் சொன்னார்.
வேலைக்குப் புதுசு நான்.
ஒரு சொல்லும் சிந்தாமல் தூக்கி
இந்தப் பக்கம் இறக்கினேன்:
"தனக்கு நேரமில்லையெண்டு
ஐயா பயப்படுறார்."

ஒருவரும் சிரிக்கவில்லை.
புனிதவதி எழும்பி நின்றார்.
"பயப்பட வேண்டாமெண்டு சொல்லுங்கோ பிள்ளை.
ஆனை பொழுதுபட்டாப் பிறகுதான் இறங்கும்.
அதுக்கு முதல் மகன்
லான்ட்மாஸ்டரில கொண்டந்து விடுவான்."
இதை எப்படித் திருப்பிச் சொல்ல?
அவர்களுக்கு விளங்குதாம் என்றேன் ஆங்கிலத்தில்.
அவர் நன்றி சொன்னார்.
ஜீப் புழுதியை எழுப்பிக்கொண்டு போனது.

அந்தப் பயம் வெறும் மரியாதை என்று
பிறகுதான் படித்தேன்.
இன்னும் படித்தேன்:
அவர்களுக்கு நேரம் சட்டைப்பையில் கிடக்கிறது.
எண்ணிச் செலவழிக்கிறார்கள்.
மிச்சமும் பிடிக்கிறார்கள்; பிடித்த மிச்சத்தை
எங்கே வைத்திருக்கிறார்கள் என்று
ஒருவரும் இதுவரை காட்டியதில்லை.
அடுத்த கிழமை உனக்காக நேரம் செய்வேன்
என்றாள் ஒருத்தி,
ஏதோ மா இடித்து வைத்திருப்பவள்போல.
கடைசியில் எல்லாருக்கும் அது தீர்ந்துபோகிறது.
பரந்தன் சந்தியில் பெற்றோல் முடிந்த
மோட்டார் சைக்கிள்காரனைப்போல
உருட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

நாங்களும்தான் நேரமில்லை என்கிறோம்.
லண்டனிலிருந்து அண்ணா குரல்பதிவு போடுகிறார்,
பின்னால் ரயில் இரைகிறது,
"நேரம் கிடைக்கேக்க எடுக்கிறன்."
கிடைக்கேக்க. ஏதோ கூப்பன் கடையில்
யாரோ கொடுக்கவேண்டியது போல.
எனக்கு நேரமில்லை என்பதும் அப்படித்தான்,
எனக்குப் பசி, எனக்குக் காய்ச்சல்.
வந்தால் வரும். வராவிட்டால்
எங்கள் பிழையா?
அதிலும் ஒரு கள்ளம் இருக்கிறதுதான்.

மினைக்கெடுவது என்றொரு சொல்.
தேத்தண்ணி ஊற்ற எழும்புகிறவளிடம்
ஏன் மினைக்கெடுறியள் என்போம்.
உன் வேலை கெடுகிறதே என்று அர்த்தம்,
நன்றி என்றும் அர்த்தம்.
ஆறு வருசமாக அதற்கு ஆங்கிலம் தேடுகிறேன்.
கூட்டத்துக்குக் கூட்டம் தேத்தண்ணி ஆறுகிறது.

போன மாசியில், முல்லைத்தீவில்,
வேறொரு அலுவலகம், வேறொரு அதிகாரி.
எமில்டா அக்கா நாலு கடிதம் போட்டிருந்தார்.
பதில் எழுத நேரத்தைக் கண்டுபிடிக்க
முடியாமல் போனதென்று அதிகாரி வருந்தினார்.
அது அவர்கள் வழக்கமாய்ச் சொல்வது.
இப்போது எனக்குத் தெரியும்,
வளைத்துச் சொல்லியிருக்கலாம்.
களைப்போ என்னவோ,
சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டேன்.

எமில்டா அக்கா மடியிலிருந்த பொலித்தீன் பையை
ஒருக்கால் தடவினார்.
உள்ளே பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரு பெடியன்,
இத்தனை வருசமும் அதே வயசு.
"எங்கையெல்லாம் தேடினவையாம்?"
என்று கேட்டார்.
குரலில் கோபமில்லை. ஒரே வரிசையில் நிற்கிற
இன்னொருவரை விசாரிக்கும் குரல்.

விளங்குதாம் என்று
இந்தமுறை நான் சொல்லவில்லை.
கேட்டதைக் கேட்டபடி சொன்னேன்.
அதிகாரி சிரிக்கத் தொடங்கி,
படத்தைக் கண்டு,
பாதியில் வாயை மூடினார்.
பழக்கதோசத்தில் மணிக்கூட்டைப் பார்த்தார்.
பழக்கதோசத்தில் நான்
அவருடைய வசனத்துக்காகக் காத்திருந்தேன்.

நாலரை பஸ்
ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.
ஒருவரும் எழும்பவில்லை.