அயல்பொருள் பதிவேடு

பல்லடம் ரோட்டு மில், ராத்திரி ஷிஃப்ட்.
பெனின் நாட்டுப் பேல், கம்பி வெட்டியதும்
பஞ்சுக்குள் ஒரு தேக்குச் சருகு.
கூடையில் போடப்போனேன்.
சருகு என்னைப் பார்த்தது.

பின்சிறகில் ஆரஞ்சு, சுற்றிக் கறுப்பு,
அப்புறம் மெல்லிசாய் ஒரு வெள்ளை வளையம்.
கண்ணில்லை அது,
குருவியை மிரட்ட வரைந்த கண்.
சொன்னவன் லட்சுமிதர்,
மயூர்பஞ்சுக் காட்டில் பட்டுக்கூடு பொறுக்கியவன்.
"எங்கூரு பூச்சிக்குப் பங்காளிங்க அக்கா."
அந்த 'ங்க' இங்கே வந்து ஒட்டியது.

மீசை இறகாய் விரிந்தால் ஆணாம்.
விரிந்திருந்தது.

செல்போன் படங்களைத் தள்ளித் தள்ளி
விடியுமுன் கண்டுபிடித்தோம்:
ஆப்பிரிக்கப் பேரரசன்.

வாயைத் தேடினேன்.
நூல் பார்க்கும் கண்ணாடியிலும் தட்டவில்லை.
புழுவாய்த் தின்றதோடு சரியாம்,
சிறகு முளைத்தபின் சோறு கிடையாது,
சில ராத்திரிகள்,
அதற்குள் ஒரு பெட்டையின் வாசம் பிடிக்கவேண்டும்.
எந்த ஜின்னிங் ஆலையின் டியூப்லைட்டோ
குறுக்கே எரிந்திருக்கிறது.

எனக்கு மேலேயும் ஒன்று எரிகிறது, ரீங்காரத்தோடு.

பதிவேட்டில் அன்றைக்கு
தலைமுடி, சாக்குநூல் பதினொன்று, கோழியிறகு.
"பூச்சி எத்தன கிராமுங்க?"
மேஸ்திரி குப்புராஜ் பேனாவோடு நின்றார்.
தட்டில் வைத்தேன்.
தராசு ஒன்றும் சொல்லவில்லை.