பதின்மூன்று கட்டங்கள்

மஞ்சூர் ஆஸ்பத்திரியில் ஹீட்டர் கிடையாது.
குளிரில் ஆள் நடுங்கினால்
கோடும் நடுங்கும்.
அதனால் முதலில் போர்வை,
பிறகு உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிய ஜெல்,
நெஞ்சில் ஆறு ரப்பர் குமிழ்கள்,
கைகால்களில் நான்கு கிளிப்புகள்.

யோகமலர், வயது இருபத்தாறு,
ஃபேக்டரியில் இலை எடை போடுபவள்.
ஒரு மணிச் சங்கு ஊதியதும் விழுந்தாள்.
போன மாதமும் அதே சங்கு.
அதற்கு முன்பு ஒரு விடியற்காலையில்
செல்போன் அலாரம்.
வலிப்பு என்று எழுதிக் கொடுத்த சீட்டு
நான்காக மடிந்து
மடிப்பில் தேயிலைத் தூளோடு இருக்கிறது.

மெஷின் காகிதத்தைத் துப்புகிறது.
ஒரு சின்ன மேடு. உடனே ஓர் ஊசி.
அதன்பின் வரவேண்டிய மேடு
வரவில்லை,
வரவில்லை,
வருகிறது,
பனியில் ஊட்டியிலிருந்து கடைசி பஸ் வருவதுபோல.

ஸ்கேல் வைத்து எண்ணுகிறேன்.
சின்னக் கட்டம் ஒன்றுக்கு நாற்பது மில்லி விநாடி.
பதினொன்றுக்குள் முடிந்திருக்க வேண்டும்.
பதின்மூன்று.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணுகிறேன்.
பதின்மூன்று.

பெஞ்சில் அவள் கணவன் வீரையா,
குந்தா அணையில் மதகு பார்ப்பவன்.
டாக்டர் மீட்டிங் போயிருக்கிறார்.
நான் எதுவும் சொல்லக்கூடாது.
அவன் பார்வை காகிதத்தை விட்டு நகரவில்லை.

"உங்க அணையில கரண்டு எதுல இருக்கு? தண்ணியிலயா?"
"உயரத்துல மேடம்.
மேல நிக்கிறதுக்கும் கீழ கிடக்கிறதுக்கும் நடுவுல."

அதேதான்.
இதயத்தில் ஒவ்வொரு செல்லும் ஓர் அணை.
வெளியே உப்பு, உள்ளே பொட்டாசியம்.
கடல் கண்ணுக்கெட்டாத இந்த மலையில்
நகத்தளவு சதைக்குள்
லட்சம் லட்சமாய்க் கடற்கரைகள்.
மூன்றை வெளியே தள்ளி
இரண்டை உள்ளே இழுத்து
ஷிஃப்ட் மாறாமல் ஒரு பம்ப்
அந்த உயரத்தைக் காத்து வருகிறது.

துடிக்கும்போது முதலில் சோடியம் மதகு.
திறந்தது தெரிவதற்குள் மூடிவிடும்;
காகிதத்தில் அந்த ஊசி.
கால்சியம் நிதானமாய் நுழைந்து
தசையைச் சுருக்கும்.
பொட்டாசியம் வெளியே போனால்தான்
செல் உட்காரும்,
அடுத்ததற்கு மூச்சு வாங்கும்.

இவளுக்கு அந்தக் கடைசி மதகு
திறக்கச் சுணங்குகிறது.
உட்காராத செல்லின்மேல் சங்கொலி விழுந்தால்
துடிப்பின்மேல் துடிப்பு ஏறி
கோடு முறுக்கிக்கொண்டு சுழலும்.
இதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்,
ரத்தம் நின்ற இடத்தில் நிற்கும்.

வீரையா கொஞ்ச நேரம் பேசவில்லை.
"துருவா?"
பிறக்கும்போதே ஓர் எழுத்து மாறியிருக்கலாம் என்றேன்.
"கிரீஸ்?"
சிரித்துவிட்டேன். அவனும்.
பிறகு இரண்டு பேருக்கும் கூசியது.

மாத்திரை உண்டு.
கோயம்புத்தூருக்கு எழுதுவார்கள்.
அவள் கூடப்பிறந்தவர்களுக்கும் எடுக்க வேண்டும்.

"அண்ணன் ஒருத்தன் இருந்தான்" என்றான்.
"போன் அடிச்சுது. எந்திரிச்சான். விழுந்தான்.
குடிச்சிருந்தான்னு எழுதிட்டாங்க.
அவன் டீயே
அரை கிளாஸ்தான் குடிப்பான்."

மெஷினில் இன்னும் காகிதம் ஓடிக்கொண்டிருந்தது.
நிறுத்த மறந்திருந்தேன்.

மூன்று மாதம் கழித்து
ஃபேக்டரி வழியாகப் போனேன்.
சங்கை நிறுத்தச் சொல்லிக் கொடுத்த மனு
மேனேஜர் மேஜையில் இருக்கிறதாம்.
மணி பன்னிரண்டு ஐம்பத்தொன்பது.
இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கப் போகாத
காக்கிச் சட்டையோடு
தராசுக்குப் பக்கத்தில் வீரையா.
அவள் தோளில் கை வைத்து
"வருது" என்றான்.

சங்கு ஊதியது.
பதினெட்டு கிலோ முந்நூறு என்று
நோட்டில் எழுதினாள் யோகமலர்.